உட்கருத் துளை வழியே புரதம் உள்ளே போக ஆற்றல் எங்கே செலவாகிறது?

"துளை திறந்து மூடத்தான் ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயமான மூலக்கூறு) செலவாகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அந்தத் துளைக்குக் கதவே கிடையாது.

உட்கரு உறை இரண்டு சவ்வுகளால் ஆனது. வெளிச்சவ்வு எண்டோபிளாச வலையின் தொடர்ச்சிதான். இரண்டும் வளைந்து ஒன்றுசேரும் இடங்களில் துளைத் தொகுப்பு இருக்கிறது. துளையைக் கட்டும் புரதங்களான நியூக்ளியோபோரின்கள் சுமார் 30 வகை, எட்டு ஆரச் சக்கரம் போல அடுக்கப்பட்டிருக்கும். நடுவழியில் ஃபினைல்அலனின், கிளைசின் என்ற அமினோ அமில ஜோடி திரும்பத் திரும்ப வரும் புரத இழைகள் மடிப்பு ஏதுமின்றி அடைந்து கிடக்கும். அயனிகளும் சிறு மூலக்கூறுகளும் அதற்குள் நழுவிவிடும். மூலக்கூறின் எடை ஏறத்தாழ 40 கிலோ டால்டனைத் தாண்டினால் திணறல். ஆனால் அது கறாரான கோடு அல்ல.

பெரிய புரதத்துக்கு முகவரிக் குறி வேண்டும். எஸ்வி40 வைரஸின் பெரிய டி ஆன்டிஜன் என்ற புரதத்தில் அது ஏழே அமினோ அமிலம்: புரோலின், லைசின் மூன்று, அர்ஜினின், லைசின், வேலின். இதில் 128ஆவது இடத்து லைசினை மாற்றினால் போதும், புரதம் சைட்டோபிளாசத்திலேயே தங்கிவிடும்.

சரக்கைச் சுமக்கும் இம்போர்டின் புரதங்கள் இரண்டு: இம்போர்டின் ஆல்பா குறியைப் பிடிக்கும், இம்போர்டின் பீட்டா ஆல்பாவைப் பிடிக்கும். பீட்டா அந்த இழைகளில் ஒட்டியும் விட்டும் கடக்கிறது. இது வெறும் பரவல். இந்தப் பக்கமும் போகும், அந்தப் பக்கமும் போகும். திசை வருவது ரான் என்ற சிறு புரதத்தால். உட்கருவில் குரோமாட்டினோடு (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த இழை) ஒட்டிய ஆர்சிசி1 என்ற புரதம், ரானில் ஏடிபி போன்ற இன்னொரு ஆற்றல் மூலக்கூறான குவானோசின் டிரைபாஸ்பேட்டை ஏற்றிவைக்கிறது. அந்த ரான் பீட்டாவைப் பற்றியதும் சரக்கு இறங்கிவிடும். பீட்டா ரானோடு வெளியே வரும். அங்கே ரான்கேப் என்ற புரதம் தூண்ட, ரானே தன் டிரைபாஸ்பேட்டை டைபாஸ்பேட்டாக வெட்டிவிடும். செலவு அங்கேதான். ஆல்பா திரும்பி வரவும் இன்னொரு ரான் வேண்டும். ஆக ஒரு சுற்றுக்கு இரண்டு குவானோசின் டிரைபாஸ்பேட்.

உங்கள் ஏடிபி முழுத் தவறும் அல்ல. தூது ஆர்என்ஏ வெளியேற ரானை நேரடியாக நம்புவதில்லை. என்எக்ஸ்எஃப்1 என்ற கடத்திப் புரதம் அதைக் கடத்த, வெளிவாசலில் டிபிபி5 என்ற நொதி ஏடிபியைச் செலவழித்து அந்தக் கடத்தியைக் கழற்றுகிறது.

ஆய்வகத்தில் குறியைச் சோதிப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குறியோடு கோத்துப் பார்க்கும் பச்சை ஒளிர் புரதம் வெறும் 27 கிலோ டால்டன், குறியில்லாமலே உட்கருவுக்குள் பரவிவிடும். உள்ளே பச்சை தெரிகிறதே என்று குறி வேலை செய்வதாக எழுதிவிடுவார்கள். மூன்று ஒளிர் புரதங்களைத் தொடராகக் கோத்து, லைசின் மாற்றிய வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.