அல்லி, புல்லி – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகளுக்குப் பூவின் பாகங்களைச் சொல்லிக்கொடுக்கிறேன். 'அல்லி வட்டம்' என்பது அல்லிப்பூவிலிருந்து வந்த பெயரா? புல்லிக்கும் புல்லுக்கும் தொடர்பு உண்டா? எனக்கென்னவோ இவையெல்லாம் குழு போட்டு உண்டாக்கிய செயற்கைச் சொற்களாகத் தெரிகின்றன. ஆங்கிலத்தில் புல்லியைச் சீப்பல், அல்லியைப் பெட்டல் என்பதே இயல்பாக இருக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அல்லிப்பூவுக்கும் இதற்கும் முடிச்சுப் போடவேண்டாம். ஆழ்வார் பாசுரத்தில் 'அல்லிக் கமலக் கண்ணன்' வருகிறான். கமலத்துக்குள் அல்லிப்பூ எப்படி முளைக்கும்? அங்கே அல்லி என்றால் அகவிதழ். புல்லி, புறவிதழ். அகராதியைப் புரட்டியிருந்தாலே கிடைத்திருக்கும். புல் கிடக்கட்டும்.

என்னால் விடமுடியாதது அந்தச் 'செயற்கை'தான். சீப்பல் என்ன, செடியோடு சேர்ந்தா முளைத்தது? 1790-இல் நெக்கர் என்ற தாவரவியலாளர் உட்கார்ந்து செய்த சொல் ஐயா அது. மூடுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்றின் தலையைக் கிள்ளி, பெட்டலின் வாலோடு ஒட்டினார். (பெட்டலுக்கே கிரேக்கத்தில் இலை என்றுதான் பொருள்.) புல்லி எது, அல்லி எது என்று பிரிக்கமுடியாத பூக்களுக்காக 1827-இல் டி கண்டோல் என்ற இன்னொரு தாவரவியலாளர் 'டெப்பல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்டலின் முதல் இரண்டு மெய்களையும் இடம் மாற்றிப் பாருங்கள், வந்துவிடும். எழுத்து விளையாட்டு! அது இயல்பு, ஆழ்வார் பாடியது செயற்கை. நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்.

பள்ளியில் ஒருநாள் செம்பருத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். பச்சைக் கிண்ணத்துக்குக் கீழே ஒல்லியாக இன்னொரு பச்சை வட்டம். "புறப்புல்லி வட்டம்" என்றார் ஆசிரியை. எதற்கெடுத்தாலும் காதைத் திருகுகிறவர், அன்று பூவை நான் நசுக்கியதைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. பக்கத்து ஆங்கிலவழி வகுப்பில் அதையே 'எபிகேலிக்ஸ்' என்று எழுதி எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். எங்களுக்குப் புல்லி தெரியும், புறம் என்றால் என்னவென்றும் தெரியும். உருப்போட என்ன இருக்கிறது?

மகளோடு உட்கார்ந்து பூவைப் பிரிக்கிற அப்பா நீங்கள். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் பதிலே போட்டிருக்கமாட்டேன். பெட்டலும் தெரிந்திருக்கட்டும், மேல்படிப்பில் வேண்டியிருக்கும். அதற்குமுன் ஒரு செம்பருத்தியை அவள் கையில் கொடுத்து, எந்த விளக்கமும் சொல்லாமல், "புறப்புல்லி எது, காட்டு" என்று கேளுங்கள். எதைத் தொட்டாள் என்று எழுதுங்கள்.