ஒரு பிரேக் பேடு மட்டும் ஏன் தேய்கிறது? – டூவீலர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. போன மாதம் இரண்டு பக்கமும் பெட்டி கட்டி, மனைவியையும் அழைத்துக்கொண்டு கொல்லிமலை போய்வந்தேன். இறங்கும்போது பின்சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம். பார்த்தால் ஒரு பக்கப் பிரேக் பேடு, அதன் முதுகில் இருக்கும் இரும்புத் தகடு வரை தேய்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. போட்டு 9,000 கி.மீ.தான் ஆகிறது. மட்டமான பேடா? புதியதை வீட்டிலேயே மாற்றலாமா?
– திருச்செங்கோடு வாசகர்

பதில்: பேடு மீது பழி போடாதீர்கள். ஒன்று தேய்ந்து, மற்றது அப்படியே இருந்தால் கோளாறு பெரும்பாலும் காலிப்பரில்தான், அதாவது டிஸ்க்கின் இருபுறமும் பேடுகளைப் பிடித்திருக்கும் பாகத்தில்தான்.

உங்கள் வண்டியின் பின் டிஸ்க் 240 மி.மீ., காலிப்பரில் ஒரே பிஸ்டன். பெடலை மிதித்தால் அது தன் பக்கத்துப் பேடை டிஸ்க்கில் தள்ளும். அதன் எதிர்விசையில் காலிப்பரே நகர்ந்து, மறுபக்கப் பேடை இழுத்துவந்து அழுத்தும். அப்படி நகரத்தான் ஸ்லைடு பின்கள் இருக்கின்றன. அவை இறுகிவிட்டால் பிஸ்டன் பக்கத்துப் பேடு மட்டும் மொத்த வேலையையும் சுமக்கும். கழற்றும்போது பாருங்கள், தேய்ந்தது அந்தப் பக்கத்துப் பேடாகத்தான் இருக்கும். இதைச் சரிசெய்யாமல் புதுப் பேடு போட்டால் அதுவும் இதே மாதிரிதான் தீரும்.

தாராளமாக வீட்டிலேயே செய்யலாம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே பேடைப் பிடித்திருக்கும் பின்னை லேசாகத் தளர்த்திவிடுங்கள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதைத் திருகுவது பெரும்பாடு. கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல், கயிற்றால் கட்டிவையுங்கள். பேடு வெளியே இருக்கும் நேரத்தில் யாரும் பெடலைத் தொடக்கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து வரும் இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பிஸ்டனை நன்றாகப் பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் கறுப்பாக, மண்ணும் பேடு தூளும் கலந்து ஒரு வளையம் படிந்திருக்கும். அப்படியே உள்ளே தள்ளினால் அந்த அழுக்கு போய் ரப்பர் சீலைக் கிழிக்கும். பழைய டூத் பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் வைத்துச் சுற்றிலும் தேயுங்கள். பளபளப்பு தெரிந்த பிறகுதான் தள்ள வேண்டும். இரண்டு கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினாலே பெரும்பாலும் போய்விடும். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். பேடு தேயத்தேய யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் வழிந்துவிடும். பெயிண்டில் பட்டால் அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இப்போது ஸ்லைடு பின். உருவிப் பார்த்தால் பழுப்பேறி, உள்ளே இருந்த கிரீஸ் பழம்புளி மாதிரி இறுகியிருக்கும். சுத்தமாகத் துடைத்து, சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் இங்கே கூடாது, ரப்பர் உப்பிப்போகும். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அந்த வழியாகத்தான் மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கும். மாட்டிய பிறகு காலிப்பர் கையாலேயே சுலபமாக வழுக்க வேண்டும்.

தகடு உரசியிருப்பதால் டிஸ்க்கையும் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவு ஆழமாகக் கோடு விழுந்திருந்தால் டிஸ்க்கையும் மாற்றுவதுதான் நல்லது. எவ்வளவு தடிமன் வரை தேயலாம் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

புதுப் பேடைக் கிரீஸ் கையோடு தொடாதீர்கள். போல்ட்டுகளைச் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். எல்லாம் முடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, பெடல் கல் மாதிரி கெட்டியாகும்வரை மிதியுங்கள். என் பட்டறையில் ஒரு பையன் இதை மறந்து வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிவிட்டான். மிதித்த பெடல் அப்படியே கீழே போனது. முன்பிரேக் காப்பாற்றியது. அன்றிலிருந்து பெடலை நானே மிதித்துப் பார்க்காமல் ஒரு வண்டியையும் வெளியே விடுவதில்லை. முதல் 200 கி.மீ. திடீர் பிரேக் அடிக்காமல் ஓட்டுங்கள்.

அப்புறம், கொல்லிமலைக்குக் காரவள்ளிப் பக்கம் ஏறி இறங்கும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு பேர், இரண்டு பெட்டி. பெடலில் கால் வைத்தபடியே இறங்கினால் எந்தப் பேடும் தாங்காது. இரண்டாவது கியரில் எஞ்சினைப் பிடிக்கவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து விடுங்கள்.

கேள்வி: டாட் 4 பிரேக் ஆயிலுக்குப் பதிலாக டாட் 5 ஊற்றலாமா? எண் பெரியது என்பதால் உசத்திதானே?
– பவானி வாசகர்

பதில்: வேண்டாம். டாட் 5 சிலிகான் வகை, டாட் 4-ஓடு கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது வேறு, அது டாட் 4 இனம்தான். டாட் 4 காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிநிலை இருக்க வேண்டும், ஈரம் ஏறினால் அது 155 வரைகூட இறங்கலாம். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், திறந்து பாதி மீந்த டப்பாவை அடுத்த தடவைக்கென்று வைத்திருக்காதீர்கள்.