ஹிரோஷிமா நாளுக்குப் பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி தவிர பள்ளியில் வேறென்ன செய்யலாம்?

டீச்சர், நானும் சமூக அறிவியல்தான், சிவகங்கைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. ஒவ்வோர் ஆகஸ்ட் 6-ம் போட்டி வைத்துப் பரிசு கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது, 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகள் மனதில் எதுவும் தங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாகப் பரிசைத் தூக்கிவிடுங்கள். செத்தவர்களை நினைக்கிற நாளில் முதலிடம், இரண்டாமிடம் எல்லாம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

ஓவியம் வரையச் சொன்னால் வகுப்பு மொத்தமும் காளான் மேகத்தைத்தான் வரையும். அது அணுகுண்டு போட்டவர்கள் விமானத்திலிருந்து எடுத்த படம். கீழே இருந்தவர்கள் வரைந்தது வேறு. 1974-இல் ஒரு முதியவர் அன்று தான் கண்டதை வரைந்து ஹிரோஷிமாவில் என்எச்கே ஒளிபரப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனார். அதன்பின் ஆயிரக்கணக்கில் படங்கள் வந்தன. அவற்றில் நதி இருக்கும், தண்ணீர் கேட்டு நிற்கிற மனிதர்கள் இருப்பார்கள். அவற்றில் இரண்டைக் காட்டிவிட்டு வரையச் சொல்லிப் பாருங்கள்.

1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள் என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள், ஒரு மதிப்பெண் கேள்விக்கு. அதற்குப் பதிலாக ஒரு டிபன் பாக்ஸைக் காட்டுங்கள். ஷிகேரு ஒரிமென் என்ற பையனுடையது. நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வயது. விமானத் தாக்குதலில் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்குப் பள்ளிப் பிள்ளைகளை இறக்கியிருந்தார்கள். இவனும் அங்கே போனவன். அம்மா தேடி அலைந்து உடலைக் கண்டெடுத்தபோது டப்பாவும் அவனோடு இருந்தது. உள்ளே சோறு அப்படியே கரியாகியிருந்தது. ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. இணையத்தில் படம் கிடைக்கும், ஏ4 தாளில் கலர் பிரிண்ட் போதும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வேண்டாம், பின்வரிசைக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியடில் கையோடு கை மாற்றிப் பார்க்கக் கொடுங்கள். என் வகுப்பில் ஒருவன், “உள்ள என்ன சார் இருந்துச்சு?” என்று கேட்டான். அரிசியோடு வாற்கோதுமையும் சோயாவும் கலந்த சோறு என்றேன். அன்று பேசியதிலேயே பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்டது அதைப் பற்றித்தான்.

காகிதக் கொக்கு தாராளமாகச் செய்யலாம். அதற்கென்று கலர் பேப்பர் வாங்க வேண்டாம், பழைய நோட்டுத் தாள் போதும். ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்று நம்பிய ஹிரோஷிமாச் சிறுமி சடகோ சசாகியே ஆஸ்பத்திரியில் மருந்து சுற்றி வந்த காகிதத்தில் மடித்தவள்தான். ஆனால் 644 மடித்ததும் இறந்துவிட்டாள், மிச்சத்தைத் தோழிகள் முடித்தார்கள் என்ற கதையைச் சொல்லாதீர்கள். அது ஓர் ஆங்கிலச் சிறுவர் நாவலிலிருந்து பரவியது. அவள் ஆயிரத்தைத் தாண்டி மடித்தாள். அப்படியும் 1955 அக்டோபரில், 12 வயதில், ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. அவளோடு படித்த பிள்ளைகள் நிதி திரட்டும் இயக்கத்தைத் தொடங்கி, 1958-இல் அங்கே குழந்தைகளுக்கான நினைவுச் சின்னமே எழுந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதையெல்லாம் தாங்குவார்கள்.

இனிதான் முக்கியமானது. “ஜப்பான் பாவம்” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதே ஜப்பான் ராணுவம் 1942-43-இல் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே சுமார் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அங்கே காலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதே பாதையில் வேலை செய்து செத்த போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. கூலிகளில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் சொன்னால்தான் பிள்ளைக்குக் குழப்பம் வரும். அந்தக் குழப்பம் வரட்டும்.

எங்கள் பக்கம் பர்மா, மலேயா தொடர்பில்லாத ஊர் குறைவு. ஜூலைக் கடைசியிலேயே, வீட்டிலோ தெருவிலோ மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லிவிடுவேன். 1942-இல் ஜப்பான் படைக்குப் பயந்து ரங்கூனிலிருந்து மலையேறி நடந்தே வந்த தலைமுறை போய்விட்டது, பேச்சு மட்டும் மிச்சமிருக்கிறது. “எங்க அப்பத்தா அப்ப கைப்பிள்ளை, வழியில ஒரு தங்கச்சியை விட்டுட்டு வந்தாங்களாம்” என்று ஒரு பெண் எழுதி வந்தாள். விட்டுவிட்டு வந்ததென்றால் இறந்ததா, தொலைந்ததா என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதானால் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். “உங்க வீட்ல நடந்ததைச் சொல்லு” என்று எல்லோர் முன்பும் எழுப்பி நிறுத்தாதீர்கள். தானாகச் சொன்னால் கேட்கலாம், சொல்லாவிட்டால் விட்டுவிடலாம். நாடகம் போட்டுப் பிள்ளைகளைச் சிவப்பு மை பூசிப் படுக்கவைப்பதும் எனக்கு ஒப்பாது.

தலைமையாசிரியர் நேரம் ஒதுக்கமாட்டார் என்ற கவலை நியாயம்தான், 15-ஆம் தேதிக்கான ஒத்திகை அதற்குள் ஆரம்பித்திருக்கும். அதனால்தான் உங்கள் பீரியடுக்குள்ளேயே முடிகிற மாதிரி சொன்னேன்.

ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கும் கேட்டால் குண்டு வேண்டாம், யானை போதும். போர்க்காலத்தில் டோக்கியோ உயிரியல் பூங்காவில் யானைகளைப் பட்டினி போட்டே சாகவிட்டார்கள். போர் முடிந்ததும் யானை வேண்டுமென்று அந்த ஊர்ப் பிள்ளைகள் நேருவுக்கு எழுத, 1949-இல் இந்திரா என்ற யானையைக் கடிதத்தோடு அனுப்பிவைத்தார். உங்கள் பிள்ளைகளையும் இன்னொரு நாட்டுப் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை திருத்த வேண்டாம்.