இமாம் பிஸ்மியைச் சத்தமாக ஓதாவிட்டால் தொழுகை கூடுமா?

கேள்வி: கீழக்கரைக்காரன். வியாபாரத்துக்காகக் குடும்பத்தோடு சேலம் வந்து ஒரு வருடம் ஆகிறது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கடை. இங்கே மஃரிபிலும் இஷாவிலும் (மாலை, இரவுத் தொழுகைகளில்) தொழவைக்கும் ஹஜ்ரத் பிஸ்மி (பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்) இல்லாமல் நேராக அல்ஹம்து (குர்ஆனின் முதல் சூரா, அதாவது அத்தியாயம்) ஓதுகிறார். எங்கள் ஊரில் பிஸ்மியையும் சத்தமாகத்தான் ஓதுவார்கள். ‘இத்தனை நாள் தொழுதது கூடாது, திரும்பத் தொழ முடியாவிட்டால் பரிகாரத் தொகை தாருங்கள், நான் ஏழைகளிடம் சேர்த்துவிடுகிறேன்’ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். என்ன செய்வது?

பதில்: உங்கள் தொழுகை கூடும். ஒரு ரக்அத்தைக்கூட (தொழுகையின் ஒரு சுற்று) திரும்பத் தொழ வேண்டாம். அந்த ஆளிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊர் வழக்கம் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட வழிகளில் ஒன்று). பிஸ்மி அல்ஹம்து சூராவின் முதல் வசனம் என்பது அவர்கள் முடிவு. அதனால் சத்தமாக ஓதும் தொழுகையில் அதையும் சத்தமாக ஓதுகிறார்கள். சேலத்தில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹப். பிஸ்மி குர்ஆன் வசனம்தான், ஆனால் சூராக்களைப் பிரித்துக் காட்ட இறங்கியது, அல்ஹம்துவில் சேர்ந்ததல்ல என்பது இவர்கள் முடிவு. ஆகவே மெதுவாக ஓதுவார்கள். ஓதாமல் விடுவதில்லை. தக்பீர் கட்டியதும் (‘அல்லாஹு அக்பர்’ சொல்லித் தொழுகையைத் தொடங்கியதும்) ஹஜ்ரத் சற்று அமைதியாக நிற்கிறாரே, அந்த நேரத்தில் ஸனா (தொடக்கத் துதி), அஊது (ஷைத்தானிடமிருந்து பாதுகாப்புத் தேடும் வாசகம்), பிஸ்மி மூன்றும் முடிந்துவிடும்.

இரு பக்கமும் ஆதாரம் உண்டு. நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர், உமர் (ரலி) ஆகியோரும் அல்ஹம்துவைக் கொண்டே ஓதத் தொடங்கினார்கள் என்று நபித்தோழர் அனஸ் (ரலி) சொன்னது புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. இன்னொரு நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) பிஸ்மி ஓதிவிட்டு அல்ஹம்து ஓதியதாக, அவர் பின்னால் தொழுத நுஐம் சொன்னது நஸாயீ என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது. வீட்டில் உள்ள குர்ஆனையே திறந்து பாருங்கள். சவூதி அச்சில் பிஸ்மிக்கு 1 என்று எண் இருக்கும். நம் நாட்டு அச்சுகள் சிலவற்றில் பிஸ்மிக்கு எண் இருக்காது, ‘அன்அம்த்த அலைஹிம்’ முடியும் இடத்தில் 6 வரும். இரண்டிலும் அல்ஹம்துவுக்கு ஏழு வசனம்தான்.

நீங்கள் ஷாஃபி என்பதால் இமாம் பின்னால் நின்றாலும் அல்ஹம்து ஓத வேண்டியவர். பிஸ்மியோடு சேர்த்து உங்கள் காதுக்கு மட்டும் கேட்கும்படி ஓதிக்கொள்ளுங்கள். இமாம் ஓதினாரா என்று துருவ வேண்டாம். ஓதியிருப்பார் என்று எடுத்துக்கொண்டாலே பின்பற்றுவது சரியாகிவிடும்.

இப்போது அந்தப் பணம். உயிரோடு இருப்பவரின் தொழுகையைப் பணம் கட்டித் தீர்க்க மார்க்கத்தில் வழியே கிடையாது. களா (நேரத்தில் தொழாமல் விட்டது) இருந்தால் தொழுதுதான் ஆக வேண்டும். இப்படிக் கேட்டு வருகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள். பிஸ்மியின் பெயரில் நடக்கும் மற்ற வியாபாரமும் இதே ரகம்தான். பிஸ்மிக்குப் பதிலாக எழுதும் 786 என்பது அதன் அரபு எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கூட்டிய தொகை. அது வசனமல்ல, அதை எழுதினால் பிஸ்மி சொன்னதாகவும் ஆகாது. அந்த எண் உள்ள ரூபாய் நோட்டைக் கூடுதல் விலைக்கு விற்பவனிடமும், தகடு எழுதித் தருபவனிடமும் ஏமாறாதீர்கள். இவர்கள் பிழைப்பதற்கு ஜமாஅத் நிர்வாகங்களும் ஒரு காரணம். மினாராவுக்கு வசூலிக்கத் தெரிகிறது. வெளியூரிலிருந்து வரும் ஷாஃபிகளுக்கு இந்தச் சின்ன மஸ்அலாவை (மார்க்கச் சட்டத்தை) ஒரு ஜும்ஆவில் சொல்லிவைக்கத் தெரியவில்லை. மதரஸாவில் பிள்ளைக்கு மக்ரஜ் (எழுத்துகளின் உச்சரிப்பு) சொல்லித் தருகிறோம், அடுத்த ஊரில் ஏன் வேறு மாதிரி ஓதுகிறார்கள் என்று சொல்லித் தருவதில்லை.

தவ்பா சூராவை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். 114 சூராக்களில் அந்த 9-ஆவது சூராவின் தொடக்கத்தில்தான் பிஸ்மி எழுதப்படவில்லை. முந்தைய அன்ஃபால் சூராவோடு பொருள் ஒத்திருந்தது, அதன் தொடர்ச்சியா என்று நபியவர்கள் தெளிவுபடுத்தாமல் மறைந்துவிட்டார்கள் என்பது உஸ்மான் (ரலி) சொன்ன காரணம். பிஸ்மி அபயம், இந்தச் சூராவோ போர் அறிவிப்போடு இறங்கியது என்பது அலீ (ரலி) சொன்னதாக வருவது. வீட்டில் அங்கிருந்து ஓதத் தொடங்கினால் அஊது மட்டும் சொல்லுங்கள். அன்ஃபாலை முடித்துத் தொடர்ந்தால் நிறுத்தி ஓதலாம், மூச்சு விடாமல் சற்று நின்று ஓதலாம், சேர்த்தும் ஓதலாம். பிஸ்மி மட்டும் கிடையாது. தவ்பாவின் நடுவிலிருந்து ஓதும்போது சொல்லலாமா என்பதில் ஷாஃபி இமாம்களே இரண்டாகச் சொல்கிறார்கள். ரம்லீ நல்லது என்கிறார், இப்னு ஹஜர் வெறுக்கிறார்.

ரமலானில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகையில் முழுக் குர்ஆன் ஓதும்போது இங்குள்ள ஹாஃபிழ் (குர்ஆனை மனனம் செய்தவர்) ஏதாவது ஒரு சூராவின் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை பிஸ்மியைச் சத்தமாக ஓதுவார். அந்த ஒரு வசனம் விடுபட்டு கத்தம் (முழுக் குர்ஆனை ஓதி முடிப்பது) குறையக்கூடாது என்பதற்காக. நம்ல் சூராவின் 30-ஆவது வசனத்தில், சுலைமான் நபி சபா அரசிக்கு எழுதிய கடிதத்தின் வாசகமாக, பிஸ்மி மறுபடி சத்தமாக வரும். மற்ற இடங்களில் மறந்துவிட்டார் என்று நினைத்துப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.