டயாலிசிஸ் புரோகிராமில் சேர்க்க முடியாது என்றால் அடுத்து என்ன?

கேள்வி: திருச்சியிலிருந்து கல்யாணமாகி, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்தவள் நான். மாமனாருக்கு 57 வயது. பல வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. போன மாதம் கால் வீங்கி அரசு மருத்துவமனைக்குப் போனோம். ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் 490, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். 11 என்றார்கள். கிட்னி கிளினிக்கில், இப்போதைக்கு டயாலிசிஸ் புரோகிராமில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எடை 118 கிலோ, சிகரெட்டும் விடவில்லை. ஊரில் டாக்டராக இருக்கும் என் அண்ணன் 490 என்று கேட்டதுமே அதிர்ந்துபோனார். கோர்ட்டுக்குப் போகலாமா? என் கணவரின் மெடிக்கல் எய்டில் (தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில்) சேர்க்கலாமா? இல்லை, இந்தியாவுக்கே கூட்டிப்போய்விடலாமா?

பதில்: அண்ணன் அதிர்ந்ததற்குக் காரணம் அளவை. இந்தியாவில் கிரியேட்டினினை மில்லிகிராமில் சொல்வார்கள், தென்னாப்பிரிக்காவில் மைக்ரோமோலில். 490-ஐ 88.4-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5.5 வரும். அதைச் சொல்லுங்கள், அவருக்கு உடனே புரியும். 5.5 என்பதும் நல்ல செய்தி இல்லைதான். ஆனால் இன்றைக்கே மெஷினில் படுக்க வேண்டும் என்ற நிலையும் இல்லை.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 நோயாளிகளை வைத்து நடந்த ஐடியல் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஈ.ஜி.எஃப்.ஆர். 10 முதல் 14 வரை இருக்கும்போதே டயாலிசிஸ் தொடங்க ஒரு பிரிவு, 5 முதல் 7 வரை இறங்கும்வரை அல்லது தொந்தரவு தெரியும்வரை காத்திருக்க இன்னொரு பிரிவு என்று பிரித்தார்கள். முன்கூட்டித் தொடங்கியவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. ஆகவே மூச்சிரைப்பு, ஓயாத வாந்தி, மயக்கம் எதுவும் இல்லாமல், பொட்டாசியமும் கட்டுக்குள் இருந்தால் உங்களுக்குக் கொஞ்ச காலம் கையில் இருக்கிறது. எத்தனை மாதம் என்பதை அடுத்தடுத்த ரத்தப் பரிசோதனைகள்தான் சொல்லும். அந்தக் காலத்தை எதில் செலவிடுவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த 11 மெல்ல மெல்ல வந்ததா, போன மாதம் திடீரென்று இறங்கியதா? பழைய கிளினிக் அட்டையைத் தேடி எடுத்து, முந்தைய கிரியேட்டினின் எண்களைத் தேதியோடு எழுதிக் காட்டுங்கள். புரோஸ்டேட் அடைப்பு, கிருமித் தொற்று, வலி மாத்திரை ஆகியவற்றால் திடீரென்று இறங்கிய சிறுநீரகம் பல சமயம் மீண்டு வரும். அப்படிப்பட்டவருக்குத் தற்காலிக டயாலிசிஸ் கொடுப்பதற்கான விதியும் வேறு. வயிற்று ஸ்கேன் எடுத்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

இனி கோர்ட். இந்தக் கேள்விக்கு டர்பனிலேயே பதில் இருக்கிறது, அதுவும் நம்மவர் ஒருவரின் வழக்கில். தியாகராஜ் சூப்ரமணி என்பவர் 41 வயதுக்காரர், வேலை இல்லாதவர். சர்க்கரை, இருதய நோய், பக்கவாதம் எல்லாம் பட்டு, கடைசியில் சிறுநீரகமும் போயிற்று. தனியாரில் டயாலிசிஸ் செய்து கைக்காசு தீர்ந்ததும் அடிங்டன் அரசு மருத்துவமனையில் கேட்டார். அங்கே இருந்தவை 20 மெஷின்கள். அவற்றிலும் சில பழுதுபட்டவை. ஒருவருக்கு 4 மணி நேரம், அடுத்தவரைப் படுக்க வைக்குமுன் சுத்தம் செய்ய 2 மணி நேரம். நீண்டகால டயாலிசிஸ் வேண்டுமென்றால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த விதி. இருதயமும் ரத்தக்குழாயும் கெட்டிருந்ததால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் 27(3) பிரிவைக் காட்டி வழக்குப் போட்டார். வாரம்தோறும் தொடர்ந்து செய்ய வேண்டிய சிகிச்சை அந்தப் பிரிவில் வராது, இருக்கிற வசதிக்குள் நியாயமான விதி வைத்து எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தினால் நீதிமன்றம் தலையிடாது என்று 1997 நவம்பர் 27-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன்பின் அதிக நாள் அவர் உயிரோடு இல்லை.

அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. அதனால் 'டயாலிசிஸ் கொடு' என்று வக்கீலுக்குப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நியாயம் என்பதில் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. விதி நியாயமானதாக இருக்கலாம், மெஷின் 20-தான் என்று தீர்மானித்தது பட்ஜெட். ஆனால் அந்தச் சண்டையை உங்கள் மாமனாரின் உடம்பை வைத்து நடத்த வேண்டாம். 2024 மே 15-ல் தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் ஜனாதிபதி ரமபோசா கையெழுத்துப் போட்டாரே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கையெழுத்தால் உங்கள் கிளினிக்கில் ஒரு மெஷின்கூடக் கூடிவிடவில்லை.

'முடியாது' என்று உங்களிடம் சொன்னவர் பெரும்பாலும் ஓர் இளம் டாக்டராக இருந்திருப்பார். முடிவு அவருடையது அல்ல. இப்படிப்பட்ட யூனிட்களில் மூத்த டாக்டர், டயாலிசிஸ் நர்ஸ், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஃபைல்களைப் பார்ப்பார்கள். ஒரே ஓர் இடம் காலியாக இருக்கும், மேஜையில் மூன்று நான்கு ஃபைல் இருக்கும். அந்த இடமும், ஏற்கெனவே டயாலிசிஸில் இருந்த ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்ததாலோ அவர் இறந்ததாலோ வந்ததாகத்தான் இருக்கும். மாற்றுச் சிறுநீரகம் பெறக்கூடியவரைச் சேர்த்தால் அவர் ஒருநாள் வெளியேறி, அடுத்தவருக்கு இடம் விடுவார். அதனால்தான் அந்த விதி. ஃபைலில் 118 கிலோ, சிகரெட், இருதயப் பரிசோதனை இல்லை என்று இருந்தால், விவாதம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

எனவே டயாலிசிஸ் கேட்டு மன்றாடுவதை விட்டுவிட்டு, 'மாற்றுச் சிறுநீரகத்துக்கு இவர் தகுதி பெற எது எது தடையாக இருக்கிறது?' என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரச் சொல்லுங்கள். நிர்வாக நீதிச் சட்டப்படி, முடிவு தெரிந்த 90 நாளுக்குள் எழுத்துமூலம் காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஃபைலின் நகலைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. காரணம் தாளில் வந்துவிட்டால் எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று பிரித்துவிடலாம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எடையும் சிகரெட்டும் மாற்றக்கூடியவை. 'இப்போதைக்கு' என்று அவர்கள் சொன்னதை நான் கவனித்தேன், நீங்களும் கவனியுங்கள். கால் வீக்கத்தில் பல கிலோ வெறும் நீராகவே இருக்கலாம், அது இறங்கிய பிறகுதான் உண்மையான எடை தெரியும். இருதய எக்கோவை (இருதய ஸ்கேனை) இப்போதே கேட்டு வாங்குங்கள், அதற்கும் காத்திருக்கும் வரிசை உண்டு. சிகரெட்டை விட்ட தேதியை ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். மறுபடி பரிசீலிக்கச் சொல்லும்போது, 'இவற்றை மாற்றியிருக்கிறோம்' என்று காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

தானம் கொடுப்பவரைப் பற்றியும் இப்போதே குடும்பத்தில் பேசுங்கள். அரசு மருத்துவமனையிலும் மாற்று அறுவை நடக்கிறது. உங்கள் மாகாணத்தில் அது இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனை. மனமுவந்து தர முன்வரும் உறவினர் ஒருவர் இருந்தால் ஃபைலின் கனம் வேறு. ஆனால் நம் குடும்பங்களில் சர்க்கரை பரவிக் கிடக்கிறது. மாமனாரின் தம்பியோ தங்கையோ ஆசையோடு முன்வந்து, அவர்களுக்கே சர்க்கரை இருப்பது பரிசோதனையில் தெரிந்து திரும்புவது அடிக்கடி நடப்பது. இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவையுங்கள். மருமகள் என்ற முறையில் உங்களை யாரும் வற்புறுத்தினால், தனியாக டாக்டரிடம் 'எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லலாம். அதை அவர் வெளியே சொல்ல மாட்டார்.

வயிற்று வழி டயாலிசிஸ் பற்றிக் கேட்டீர்களா? மெஷினில் செய்யும் ரத்த டயாலிசிஸுக்கு இடம் இல்லாதபோது சில யூனிட்களில் இதற்கு இடம் இருக்கும். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைப்பார்கள். அதன் வழியே சுமார் 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்து, புதிதாக விட வேண்டும். ஒரு நாளைக்கு வழக்கமாக 4 தடவை, வீட்டிலேயே. கையால் செய்யும் முறைக்குக் கரண்ட் வேண்டாம். லோட்ஷெடிங் என்ற மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ரத்த டயாலிசிஸில் ஒரு தடவைக்கே நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஓடும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராததை நினைத்துப் பாருங்கள். திரவப் பெட்டிகளை அடுக்க ஒரு மூலையும், ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கைகழுவும் ஒழுங்கும் வேண்டும். ஒழுங்கு தவறினால் வயிற்றில் கிருமி புகும், அது உயிருக்கே ஆபத்து. இதற்கும் பல யூனிட்களில் அதே தகுதி விதிதான், என்றாலும் கேட்காமல் விடாதீர்கள்.

மெடிக்கல் எய்ட் விஷயத்தில் அவசரப்பட்டு ஏமாறாதீர்கள். பதிவு பெற்ற எந்தத் திட்டமும், சாதாரண ஹாஸ்பிட்டல் பிளான் உள்பட, சட்டம் வரையறுத்த குறைந்தபட்சச் சலுகைகளைத் தந்தே ஆக வேண்டும். முற்றிய சிறுநீரகச் செயலிழப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்த வரியிலேயே, அரசு சுகாதாரத் துறையின் தகுதி விதிகளைப் பூர்த்தி செய்தால் மட்டும் என்று எழுதியிருக்கிறது. அரசு மருத்துவமனையில் மறுத்த அதே காரணத்தைத் திட்டமும் காட்டலாம். அதற்கு மேல், இதுவரை எந்தத் திட்டத்திலும் இல்லாதவர் புதிதாகச் சேர்ந்தால் பொதுவாக 3 மாதமும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதமும் காத்திருக்க வைக்கலாம். அந்தக் காலத்தில் குறைந்தபட்சச் சலுகையும் கிடையாது. தாமதமாகச் சேர்பவருக்கு அபராதமும் உண்டு. 35 வயதுக்குப் பின் திட்டமில்லாமல் கழிந்த வருடங்களை எண்ணுவார்கள். மாமனாருக்கு அது 22 வருடம், ஆகவே சந்தாவில் 50 சதவீதம் கூடுதலாக வாங்கலாம். முன்பு ஏதாவது ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது திட்டத்தில் இருந்தாரா என்று விசாரியுங்கள். இருந்திருந்தால் அந்த வருடங்கள் கழியும். திட்டத்தில் இருந்ததற்கான கடிதம் தொலைந்திருந்தால் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கொடுக்கலாம். மாமனாரைச் சார்ந்தவராகச் சேர்க்க முடியுமா என்பது உங்கள் கணவரின் திட்ட விதியைப் பொறுத்தது. ஒரு வருடம் தாக்குப்பிடிப்பார் என்று கிட்னி டாக்டர் நினைத்தால் மட்டும் இது யோசிக்கத் தக்கது. நாளொன்றுக்கு இத்தனை ராண்ட் என்று தரும் ஹாஸ்பிட்டல் கேஷ் பாலிசி மெடிக்கல் எய்ட் அல்ல, அதை நம்பி இறங்காதீர்கள்.

இந்தியா: மாமனாருக்குச் சிறுநீரகம் தரப் பொருத்தமான சொந்த ரத்த உறவு இருந்து, கையில் பெரும் பணமும் இருந்தால் அது ஒரு வழி. 'டோனர் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் உறுப்பு விற்பனை குற்றம். இங்கேயும் குற்றம்தான். 2001-லிருந்து 2003 வரை டர்பன் தனியார் மருத்துவமனை ஒன்றில் காசுக்கு வாங்கிய சிறுநீரகங்களைப் பொருத்திய விவகாரத்தில், அதை நடத்திய நிறுவனம் 2010-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. வெறும் டயாலிசிஸுக்காக அங்கே குடியேறுவது வாரம் 3 தடவை, ஆயுசுக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துச் செய்ய வேண்டியது.

இதற்கிடையில் வீட்டில் கவனிக்க வேண்டியவை. மாமனாரின் சர்க்கரை 'நன்றாக இறங்கிவிட்டது' என்று சந்தோஷப்பட்டால் சந்தேகப்படுங்கள். சிறுநீரகம் தளரும்போது இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும், அதனால் சர்க்கரை தாழ்ந்து இரவில் மயக்கம் வரும். அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கூடாது. இன்னும் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டு வலிக்கு வாங்கும் புரூஃபன், வோல்டாரன் இரண்டும் வேண்டாம். தலைவலிக்குத் தினமும் ஒரு கிராண்ட்-பா பவுடர் என்ற பழக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம், அதில் ஆஸ்பிரின் இருக்கிறது. சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பது பெரும்பாலும் பொட்டாசியம் உப்பு, சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள். புரட்டாசி விரதத்தில் பருப்பும், பீன்ஸ் கறியும், தக்காளியும், உருளைக்கிழங்குமாகச் சாப்பிடும் வீடு என்றால் பொட்டாசியம் ஏறும். விரதத்துக்கு முன்பே டயட்டீஷியனைப் பாருங்கள்.

மூச்சுத்திணறல், பிதற்றல், உடம்பு திடீரென்று வலுவிழத்தல், நெஞ்சு வலி இவற்றில் எது வந்தாலும் நேராகக் கேஷுவல்ட்டிக்குப் போங்கள். புரோகிராமில் இல்லை என்பதற்காக அவசர சிகிச்சையை மறுக்க முடியாது, 27(3) பிரிவு காப்பது இதைத்தான்.

இன்னொன்று, மாமனார் வலதுகைப் பழக்கம் உள்ளவர் என்றால் இடது கையில் இனி ரத்தம் எடுக்கவோ டிரிப் போடவோ விடாதீர்கள். பின்னால் டயாலிசிஸ் கிடைத்தால் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைப்பது) அந்தக் கையில்தான் செய்வார்கள், ஊசி குத்திக் கெட்ட ரத்தக்குழாய் அதற்கு உதவாது. நர்ஸ் ஊசியை எடுக்கும்போதே வலது கையை நீட்டச் சொல்லிப் பழக்குங்கள்.