பாஸ் மீனுக்கு முதல் தூண்டில்: டல்லாஸ் பக்கம் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, இர்விங் வந்து நாலு மாதம் ஆகிறது, குடியிருப்புக்குப் பக்கத்துக் குளத்தில் சாயங்காலம் பையன்கள் பாஸ் பிடிப்பதைப் பார்த்து ஆசை வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்குப் போனால் சுவர் முழுக்க ராடு, அதாவது தூண்டில் கழி, அலமாரி முழுக்க நரம்பு சுற்றும் ரீல், தூண்டில் நரம்பு மட்டும் ஒரு தனி வரிசை. 150 டாலருக்குள் எதை வாங்குவது என்பது உங்கள் கேள்வி. ஊரில் மூங்கில் கழியால் ஆற்றுக் கெண்டை பிடித்திருக்கிறேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்களே, அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நானும் வெண்ணாற்றங்கரையில் வளர்ந்தவன். இந்தப் பக்கம் வந்து பதினாலு வருடம் ஆகிறது.

முதலில் நேரான பதில். 7 அடி ஸ்பின்னிங் ராடு, அதில் மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் என்று எழுதியிருக்க வேண்டும். ராடின் கீழ்ப்பக்கம் தொங்கும் 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். 15 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, அதன் நுனியில் ஒரு பாகம், அதாவது இரு கையையும் விரித்த நீளத்துக்கு, 10 பவுண்டு ஃப்ளோரோகார்பன் என்ற இன்னொரு வகை நரம்பு. முதல் இரண்டு வருடத்துக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது.

கடையில் நம்மை முதலில் ரீல் பக்கம்தான் கூட்டிப்போவார்கள். பளபளவென்று இருப்பது அதுதான். நீங்கள் இரையிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வாருங்கள். எந்தத் தண்ணீரில் எந்த இரையைப் போடப்போகிறோம் என்று தெரிந்தால் நரம்பு எது என்று தெரியும். நரம்பு தெரிந்தால் ராடு தெரியும். ரீல் கடைசி.

இங்கே கரையோரம் எல்லாம் பாசி, கோரை, மூழ்கிய மரம். பாஸ் அதற்குள்தான் ஒண்டிக் கிடக்கும். இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு கட்டு இருக்கிறது, டெக்சாஸ் ரிக். கூம்பு வடிவ ஈயத்தை நரம்பில் கோத்து, 3/0 அளவு வளைமுள்ளைக் கட்டி, ரப்பர் புழுவைக் குத்தி, முள்ளின் கூர்முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். முனை வெளியே தெரியாததால் பாசியிலும் கிளையிலும் மாட்டாது. மீன் கவ்வியதும் சுண்டினால் முனை புழுவைத் துளைத்துக்கொண்டு வாயில் ஏறும். 3/16 அவுன்ஸ் ஈயமும் ஒரு பாக்கெட் புழுவும் போதும். குளத்தில் ஆழம் குறைவாக இருந்தால் ஈயமே வேண்டாம், 5 அங்குலப் புழு தன் எடையிலேயே மெதுவாக இறங்கும்.

இந்தக் கட்டில் தக்கை கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? ஊரில் தக்கை அமுங்குவதைக் கண் பார்த்துச் சொல்லும். இங்கே விரல்தான் சொல்ல வேண்டும். பாஸ் புழுவை வாய்க்குள் உறிஞ்சும்போது ஒரு சின்ன 'டக்', அவ்வளவுதான் கைக்கு வரும். பிடிக்காவிட்டால் அடுத்த நொடி துப்பிவிடும். ராடும் நரம்பும் அந்த 'டக்'கை விரல் வரை கொண்டுவர வேண்டும். நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான்.

நரம்பில் மூன்று வகை. நைலான், நம் ஊர் தங்கூஸ் இதுதான். விலை குறைவு, முடிச்சு நன்றாக நிற்கும், ஆனால் ரப்பர் மாதிரி நீளும். இருபது அடி தூரத்தில் பரவாயில்லை, அறுபது அடிக்கு அப்பால் மீன் தொட்டால் அந்தத் தொடுதலை நரம்பே விழுங்கிவிடும், சுண்டினாலும் முள் முழுதாக ஏறாது. ஃப்ளோரோகார்பன் தண்ணீரில் அமிழும், கல்லில் உரசினாலும் தாங்கும். ஒளி தண்ணீருக்குள் வளையும் அளவும் அதற்குள் வளையும் அளவும் நெருக்கமாக இருப்பதால் மீன் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் விறைப்பானது, ஸ்பின்னிங் ரீலில் முழுக்கச் சுற்றினால் சுருள் சுருளாக எகிறும். மூன்றாவது பின்னல் நரம்பு. மெல்லிய இழைகளைச் சடை மாதிரி பின்னியிருப்பார்கள். கிட்டத்தட்ட நீளவே நீளாது, 15 பவுண்டு தாங்குவது சுமார் 4 பவுண்டு நைலானின் தடிமன்தான் இருக்கும், தூரம் போகும். குறை, தண்ணீரில் பளிச்சென்று தெரியும். அதனால்தான் நுனியில் ஃப்ளோரோகார்பனை ஒட்டுப்போடச் சொன்னேன். இரண்டையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு, முள்ளுக்கு பாலோமர் முடிச்சு. இந்த இரண்டையும் வீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகுங்கள். இறுக்குமுன் எச்சில் தொட்டு ஈரப்படுத்த வேண்டும், இல்லையென்றால் உராய்வுச் சூட்டில் நரம்பு அங்கேயே நைந்துவிடும். இன்னொன்று, பின்னலை ரீலின் ஸ்பூலில், அதாவது நரம்பு சுற்றும் உருளையில், வெறுமனே சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும். அடியில் நாலைந்து சுற்று நைலான் கொடுத்துவிட்டு மேலே சுற்றச் சொல்லுங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு ஒரு நூல் கீழே நிறுத்த வேண்டும், வழிய வழிய நிரப்பினால் சிக்கல்.

நரம்பைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றாவது வருடம் லேக் ஃபோர்க் போயிருந்தேன். டல்லாஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம், 27,000 ஏக்கருக்கு மேல் விரிந்த நீர்த்தேக்கம், தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள் காடாக நிற்கும். டெக்சாஸின் மிகப் பெரிய பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் அங்கேதான் மாட்டியது. அன்றைக்கு என் ரீலில் இருந்தது போன கோடை முழுக்கக் காரின் பின்கண்ணாடி அடியில் வெயிலில் கிடந்த நைலான். காலை ஏழு மணிக்கு ஒரு மீன் கவ்வியது. ஒரு தடவை மேலே வந்து தலையை உதறியது, என் முன்கை நீளத்துக்கு மேல் இருக்கும். அடுத்த இழுப்பில் முடிச்சுக்கு மேலேயே பட்டென்று விட்டது. முள்ளோடு போய்விட்டதே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. வெயில் நைலானை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு முறையாவது நரம்பு மாற்றுகிறேன், ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி இரண்டடியை விரலால் தடவிப் பார்க்கிறேன். சொரசொரவென்று இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுவேன்.

சரி, ராடு. கைப்பிடிக்கு மேலே எல்லாமே எழுதியிருக்கும். பவர் என்றால் எவ்வளவு பலம், ஆக்‌ஷன் என்றால் எந்த இடத்தில் வளையும். ஃபாஸ்ட் நுனியில் வளையும், ஸ்லோ கிட்டத்தட்ட கைப்பிடி வரை வளையும். பக்கத்திலேயே நரம்பு எத்தனை பவுண்டு, இரை எத்தனை அவுன்ஸ் என்று இருக்கும். இரை 1/8 அல்லது 3/16இல் ஆரம்பித்து 5/8 வரை என்று இருந்தால் உங்களுக்குச் சரி. கிராஃபைட் ராடு எடை குறைவு, தொடுதல் நன்றாகத் தெரியும், ஆனால் காரின் கதவில் நசுங்கினால் போச்சு. மின்சாரத்தையும் கடத்தும், இடி சத்தம் கேட்டால் கீழே போட்டுவிட்டு ஒதுங்குங்கள். கண்ணாடியிழை கலந்தது முரட்டு உழைப்பு உழைக்கும், கொஞ்சம் மந்தம். 60 டாலர் அளவில் ஒரு கிராஃபைட் ராடு எடுங்கள். ராடில் நரம்பு ஓடும் வளையங்களுக்குள் பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். எங்காவது பஞ்சு சிக்கினால் உள்ளே கீறல் இருக்கிறது, அதை வாங்காதீர்கள்.

ரீலுக்கு 50, 60 டாலர் போதும். கைப்பிடியைச் சுற்றினால் கரகரக்கக் கூடாது, மீன் இழுக்கும்போது நரம்பை விடும் டிராக் சீராக விட்டுக்கொடுக்க வேண்டும். வீசுமுன் ஸ்பூல் மேல் திறந்துவிடும் கம்பி வளையத்தை, வீசிய பிறகு கையாலேயே மூடுங்கள், நரம்பு முறுக்குவது பாதி குறையும்.

ராடின் மேல்பக்கம் உட்காருமே ஒரு வகை ரீல், பெய்ட்காஸ்டர், அதை இப்போது வாங்க வேண்டாம். நான் வந்த புதிதில் ஒரு கடையில் அதைத்தான் என் தலையில் கட்டினார்கள், பாஸ் என்றாலே இதுதான் என்று. வீசும்போது ஸ்பூல் சுழலும் வேகத்தைக் கட்டைவிரலால் அடக்க வேண்டும், இரை தண்ணீரைத் தொடும் நொடியில் நிறுத்த வேண்டும். யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் குருவிக்கூடு மாதிரி சிக்கு, கால் மணி நேரம் பிரிப்பது, மறுபடி சிக்கு. மனம் வெறுத்து ஒரு வருடம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. உங்களுக்கு அந்த வருடம் வீணாகக் கூடாது.

மீன்பிடி லைசன்ஸ் விஷயம். 17 வயது ஆனவர்களுக்குக் கட்டாயம். தொடர்ந்து ஆறு மாதம் இங்கே குடியிருந்தால்தான் உள்ளூர்வாசிக் கட்டணம், உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. எந்த மாதம் வாங்கினாலும் வழக்கமான லைசன்ஸ் ஆகஸ்ட் 31ஆம் தேதி முடிந்துவிடும். அந்த இரண்டு மாதம் முடியும் வரை மாநிலப் பூங்காவுக்குப் போங்கள், உள்ளே கரையிலிருந்து பிடிக்க லைசன்ஸ் தேவையில்லை, நுழைவுக் கட்டணம் மட்டும்தான். உங்களுக்குப் பக்கம் ஜோ பூல் ஏரிக்கரையில் இருக்கும் சீடர் ஹில். குடியிருப்புக் குளம் என்றால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பொது விதிப்படி 14 அங்குலத்துக்குக் குறைந்த பாஸை விட்டுவிட வேண்டும், நாளைக்கு 5 வரை வைத்துக்கொள்ளலாம். லேக் ஃபோர்க்கில் வேறு விதி, 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள எல்லாவற்றையும் திருப்பி விட வேண்டும். கோரைக்குள் காலை வைக்குமுன் பாருங்கள், நஞ்சுள்ள நீர்ப்பாம்பு உண்டு.

அப்புறம், விரால் பிடித்த பழக்கம் உண்டா? இருந்தால் அடுத்த வருடம் இரண்டாவது செட் வாங்கும்போது பெய்ட்காஸ்டர் வாங்கலாம், ஹெவி ராடு, 50 பவுண்டு பின்னல். பாசிப் படலத்தின் மேல் ரப்பர் தவளையைத் தத்தித் தத்தி இழுத்தால் பாஸும் நம் விரால் மாதிரியே பாசியைக் கிழித்துக்கொண்டு பாயும். தண்ணீர் தெறித்ததும் சுண்டிவிடாதீர்கள், வாயிலிருந்து பிடுங்கிவிடுவீர்கள். நரம்பு இறுகி, மீனின் கனம் கைக்கு வரட்டும், பிறகு சுண்டுங்கள்.