பள்ளிப் பாதுகாப்பைக் கண்காணிக்க ஆகும் அரசுச் செலவு வீண்தானா?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: தீயணைப்பான், கேமரா, ஒத்திகை என்று எல்லாவற்றுக்கும் அரசு ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று. அதைப் பார்வையிட இன்னொரு குழு, அவர்களுக்குச் சம்பளம், பயணப்படி, மென்பொருள். அந்தப் பணத்தில் இன்னும் நாலு கருவி வாங்கலாமே?

நானும் அப்படி நினைத்தவன்தான். கணக்குப் பிரிவில் உட்கார்ந்து, பள்ளிப் பாதுகாப்பு ஆய்வுக் குழுவின் பில்களைப் பாஸ் செய்வது பல வருடம் என் வேலை. ஒருநாள் குழுவில் ஆள் குறைந்ததால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பள்ளியின் பதிவேட்டில் ‘அவசர வழி: உண்டு’ என்று எழுதியிருந்தது. பொய்யில்லை, வழி இருந்தது. இரண்டாம் மாடியின் பக்கவாட்டுப் படிக்கட்டில் கதவு, கதவில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் அன்றைக்கு லீவு. பக்கத்தில் தொங்கிய தீயணைப்பானில் மாதாமாதம் சோதித்ததற்கான அட்டை இருந்தது. பன்னிரண்டு கட்டத்திலும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்து. இன்னும் பிறக்காத மூன்று மாதத்துக்கும் சேர்த்தே போட்டிருந்தார்கள்!

தலைமையாசிரியை பொறுப்பில்லாதவர் அல்ல. வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது, வாசல்களைப் பூட்டிவையுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை; தீப்பிடித்தால் வெளியேற வாசல்கள் திறந்திருக்க வேண்டும் என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே கோப்பில் கோத்து வைத்திருந்தார். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது என்ற வகைக் கதவு போட்டால் இரண்டுக்கும் பொருந்தும். அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. எந்தக் கருவிக்கும் இதைச் சொல்லத் தெரியாது, நேரில் வந்து பார்க்கிற ஆள்தான் சொல்ல வேண்டும். கண்காணிப்புச் செலவு என்று நாம் முணுமுணுப்பது அந்த ஆளுக்குத்தான்.

1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவில் ஒரு பள்ளி எரிந்து 92 குழந்தைகளும் 3 கன்னியாஸ்திரீகளும் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தக் கட்டடம் தீப்பாதுகாப்பு ஆய்வில் தேறியிருந்தது. 1949-இல் வந்த புதிய விதிகள் பழைய கட்டடங்களைக் கட்டுப்படுத்தவில்லை. தீயணைப்பான்கள் ஏழடி உயரத்தில் மாட்டப்பட்டிருந்தன. ஆய்வாளர் வந்தார், பட்டியலைப் பார்த்தார், போனார். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரை வேய்ந்த வகுப்பறைகளும் சத்துணவு அடுப்பும் அடுத்தடுத்து இருந்தது கண்ணுள்ள யாருக்கும் தெரிந்திருக்கும். 2014-இல் நீதிமன்றம் தண்டித்தவர்களில் கல்வித்துறை ஊழியர்களும் இருந்தார்கள் (மேல்முறையீட்டில் சிலர் விடுபட்டது தனிக்கதை). இந்த இரண்டு இடத்திலும் மேற்பார்வை என்ற பெயரில் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்தது.

ஆகவே என் பதில்: வீண் செலவு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. தீயணைப்புத் துறைக்கு ஒரு படிவம், கல்வித் துறைக்கு ஒன்று, சுகாதாரத்துக்கு ஒன்று. பாதிக் கேள்விகள் ஒன்றேதான். அதை நிரப்புகிற ஆசிரியரின் மணிநேரம் எந்தக் கணக்கிலும் ஏறாது, ஏனென்றால் அவருக்கு எப்படியும் சம்பளம் போகிறது. நிரப்பினால் பச்சை விளக்கு காட்டும் மென்பொருளும் அப்படித்தான். படிவம் வந்ததா என்று அதற்குத் தெரியும், கதவு திறக்குமா என்று தெரியாது. வெட்டுவதென்றால் அங்கே வெட்டுங்கள். இன்னொன்று: பள்ளியை நடத்துகிற அலுவலகமே ஆய்வும் செய்தால், குறையைக் கண்டுபிடித்தவரே அதைச் சரிசெய்யப் பணமும் தேட வேண்டியிருக்கும். யார் கண்டுபிடிப்பார்?

வெட்டக்கூடாதது மறு ஆய்வு. எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்குப் பள்ளி ஒன்றுக்கு ஒரு பயணம் என்றுதான் ஒதுக்கீடு. குறையைக் கண்டு எழுதிவிட்டு வர பணம் உண்டு, அது சரியானதா என்று போய்ப் பார்க்கப் பணம் கிடையாது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: அந்த மாதிரி இரண்டாவது பயணத்துக்கு வந்த பில் ஒன்றை, ‘ஒரே பள்ளிக்கு இருமுறை ஏன்?’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியவன் நானேதான். அதிலிருந்த தொகைக்கு ஒரு தீயணைப்பான்கூட வாங்க முடியாது.

சங்கிலியைப் பார்த்துவிட்டு வந்த வாரமே, மறு பயணத்துக்குத் தனி ஒப்புதல் கேட்டுக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ஒப்புதல் வர நான்கு மாதம் ஆயிற்று. குழு மறுபடி போனபோது கதவில் சங்கிலி இல்லை, பூட்டு மட்டும் இருந்தது. சாவி தலைமையாசிரியையின் மேசை இழுப்பறையில், தரைத்தளத்தில். மூன்றாவது பயணத்துக்கும் குறிப்பு எழுதினேன்.